வட்டத்துக்கு வெளியே நின்ற இருவர்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. இடம், திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு மாடியறை.

எனக்கு வயது ஐம்பத்தொன்று. இருபத்தாறு வருடமாக டைரி எழுதுகிறேன். மூன்று பேர் ஓர் அணியாகச் சேர்ந்து ஆன்லைனில் ஆடும் ஒரு சண்டை விளையாட்டை எனக்குப் பழக்கிவிட்டவன், கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மச்சினன். மூன்றாமவர் கல்லாறு என்ற மலையடிவார ஊரில் டீக்கடை வைத்திருப்பவர். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். விளையாட்டில்தான் பழக்கம், நேரில் பார்த்ததில்லை.

ஆட்டத்தில் ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். அதற்கு வெளியே நின்றால் உயிர் குறையும்; கையிலுள்ள மருந்தைப் போட்டால் கொஞ்சம் ஏறும். கடைசிவரை பிழைத்திருக்கும் அணி ஜெயிக்கும். எங்கள் தவறுகளை டைரியில் குறித்துக் குறித்து, ஏழு விதிகள் எழுதி இருவருக்கும் அனுப்பியிருந்தேன். நான்காவது விதி: ஒருவருக்கு நெட் போய்விட்டால் மற்றவர்கள் காத்திருக்கக் கூடாது.

மச்சினனின் அலுவலக நண்பர்கள் ஒரு போட்டி நடத்தினார்கள். அரையிறுதியில் கல்லாற்றில் மழை. டீக்கடைக்காரருக்கு டவர் போயிற்று. அவருடைய உருவம் ஒரு பாலத்தடியில் அசையாமல் நின்றது.

"அத்திம்பேர், ரெண்டு நிமிஷம் பார்ப்போமா?" என்றான் ஹெட்போனில் மச்சினன்.

"நாலாவது விதி" என்றேன்.

விட்டுவிட்டு ஓடினோம். அவர் அங்கேயே செத்தார், நாங்கள் ஜெயித்தோம். அவர் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு இறுதி ஆட்டம். பள்ளியில்கூட நான் ஒரு கோப்பை வாங்கியதில்லை. அலமாரியில் இடம் ஒழித்தே வைத்திருந்தேன். மூன்று அணிகள்தான் மிச்சம் என்றபோது, சரியாக 3.41க்கு ஓர் இடி. கரண்ட் போயிற்று, கூடவே நெட்டும். போனிலிருந்து நெட் எடுத்து மறுபடி உள்ளே வர நான்கு நிமிடம் பிடித்தது. அதற்குள் நான் செத்திருப்பேன், அவர்கள் வட்டத்துக்குள் போயிருப்பார்கள் என்றே நினைத்தேன். விதி எழுதியவன் நான்தானே.

திரை தெளிந்தது. என் உருவம் உயிரோடு நின்றது. வட்டம் எங்களைத் தாண்டிப் போயிருந்தது. எனக்கு முன்னால் டீக்கடைக்காரர், பின்னால் மச்சினன். தங்கள் மருந்தையெல்லாம் என் மேலேயே செலவழித்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டார்! அத்திம்பேர் வந்துட்டார்!"

"பதறாதீய அண்ணாச்சி. குனிஞ்சே வாங்க, எடது பக்கம் ரெண்டு பேரு நிக்கான்."

ஓடினோம். மருந்து மிச்சமில்லை. வட்டத்தை எட்டும் முன்பே மூவரும் விழுந்தோம். மூன்றாவது இடம்.

"நாலாவது விதி என்னாச்சு?" என்று நான் சத்தம்போட்டேன்.

டீக்கடைக்காரர் சிரித்தார். "அது பேப்பர்ல இருக்கு அண்ணாச்சி. ஆளு இங்கல்லா நிக்கீய!" பிறகு சற்றுத் தயங்கி, "அன்னைக்கு டவர் வந்து பாத்தா, பாலத்துக்கிட்ட ஒருத்தரும் இல்ல. ஒரு மாதிரியா இருந்துச்சி. உங்களுக்கும் அது வேணுமாக்கும்?" என்றார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க, கடையில ஆளு நிக்கி" என்று போய்விட்டார்.

அன்று டைரியில் நான்காவது விதியை ஸ்கேல் வைத்து அடித்தேன். அதற்குப் பிறகு கல்லாற்றில் பலமுறை டவர் போயிருக்கிறது. அவர் பக்கத்தில் நின்று தோற்ற ஆட்டங்களையும் தேதி போட்டு எழுதி வருகிறேன். அலமாரியில் ஒழித்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இடி இடித்துக் கரண்ட் போகும்போதெல்லாம், நான் திரும்பி வரும்வரை அங்கே இரண்டு பேர் நிற்பார்கள் என்ற நிம்மதியோடுதான் போனைத் தேடுகிறேன்.