ஆளுக்குப் பாதி நெக்லஸ்

சம்பந்தின்னா நல்ல நாள் பெரிய நாளுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு, தட்டு நிறைய பழத்தோட போய்ப் பார்க்கிற உறவுன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். என் பையன் கல்யாணம் முடிஞ்ச கையோட அந்த நினைப்பு போச்சு. மண்டப அலங்காரத்துக்கு வாங்கின பருத்திக் கயித்துல ஒரு கட்டு மிச்சமாகி, எங்க கொரட்டூர் ஃபிளாட்டுல கிடந்துச்சு. மகளைப் பார்க்க வந்த சம்பந்தியம்மா, பேசிக்கிட்டே அந்தக் கயித்தை எடுத்து முடிச்சு மேல முடிச்சா போட ஆரம்பிச்சாங்க. காபி ஆறுறதுக்குள்ள கழுத்துல போட்டுக்கிற மாதிரி ஒண்ணு வந்துடுச்சு. நான் சும்மா இருப்பேனா? தையல் டப்பாவைக் கவுத்து, ஒரு மர டாலரைத் தேடி எடுத்து நடுவுல கோர்த்தேன். மருமக அதை ஆபீசுக்குப் போட்டுக்கிட்டுப் போனா. எங்கே வாங்கினேன்னு கேட்டுக் கேட்டுப் பிராணனை வாங்கிட்டாங்கன்னு சாயங்காலம் சிரிச்சிக்கிட்டே வந்தா.

அப்படித்தான் ஆரம்பிச்சுது. சேக்காட்டுலேருந்து ஆவடிக்கு ஷேர் ஆட்டோ, அங்கேருந்து ரயில்னு அவங்க எங்க வீட்டுக்கு வருவாங்க. நெக்லஸ் செய்வோம். மருமக போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராம்ல போட்டு ஆர்டர் பிடிப்பா.

நாங்க வேலை செய்யற விதம்தான் எல்லாருக்கும் வேடிக்கை. நடுவுல ஒரு தலகாணி. அதுல டாலரை ஊக்கு போட்டு நிறுத்திடுவோம். வலது பக்கக் கயிறு அவங்களுக்கு, இடது பக்கம் எனக்கு. எதிர் எதிரா உட்கார்ந்து, ஒரே நேரத்துல முடிச்சு போட்டுக்கிட்டே போவோம். ஒருத்தரே ரெண்டு பக்கமும் போட்டா என்ன கேடுன்னு என் பையன் ஒரு நாள் கேட்டான். உனக்கு என்னடா தெரியும், போய் உன் லேப்டாப்பைப் பாருன்னு விரட்டிட்டேன். அவங்க கை எவ்வளவு இழுக்குதோ அதைப் பார்த்துத்தான் என் கை இழுக்கும். என் கை நின்னா அவங்க கையும் நிக்கும். ஊர்க்கதை மொத்தமும் அந்தத் தலகாணிக்கு மேலதான் ஓடும். நான் கொஞ்சம் அழுத்தி இழுத்துட்டா போதும், "இன்னா சம்பந்தி, கயித்தை இழுக்கிறீங்களா, தேர் இழுக்கிறீங்களா?"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. கல்யாணத்துல அவங்க மெட்ராஸ் பேச்சைக் கேட்டு எங்க திருச்சி சொந்தக்காரங்க முகத்தைச் சுளிச்சாங்க. இப்ப என் வாயிலேயே இன்னா வருது. யாராவது ஏதாவது சொல்லிப் பார்க்கட்டும்.

மூணாவது வருஷம், ஒரு ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க ரெண்டும் எங்க ரெண்டு பேரையும் உட்கார வெச்சு, பிரிஞ்சுடறதா முடிவு பண்ணிட்டோம்னு சொன்னாங்க. சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஆபீஸ் மீட்டிங்ல பேசற மாதிரி அவ்வளவு மரியாதை. ஆளுக்கு ஒரு அறை விடலாம்னு எனக்கு வந்துச்சு. அடிச்சுக்கிட்டா சேர்த்து வைக்கலாம். சிரிச்ச முகமா பிரியறவங்களை என்ன பண்றது?

பெத்த வயிறு சும்மா இருக்குமா. சம்பந்தியம்மா போன் பண்ணி, உங்க புள்ள வாயைத் தொறந்து பேசினாத்தானே குடும்பம் நடக்கும்னாங்க. உங்க பொண்ணு அவனைப் பேச விட்டாத்தானேன்னு நானும் விடலை. டக்குன்னு போன் நின்னுடுச்சு. அதுக்கப்புறம் அவங்களும் கூப்பிடலை, நானும் கூப்பிடலை. மருமக பெட்டியை எடுத்துக்கிட்டு சேக்காட்டுக்குப் போயிட்டா.

தலகாணியைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை வந்துச்சு. பையன் வாழ்க்கையை நினைச்சுத்தான் அழறேன்னு வீட்டுல நினைச்சுக்கிட்டாங்க. நிஜம் அது இல்லை. அவனுக்கு வயசு இருக்கு, பார்த்துப்பான். இந்த வயசுல எனக்கு இன்னொரு சிநேகிதி எங்கேருந்து வருவா? பிள்ளைங்க பிரிஞ்சா கூடவே இவங்களும் போயிடுவாங்களேன்னுதான் அழுதேன். போய்ப் பார்க்கலாம்னா, என்ன உறவைச் சொல்லிக்கிட்டு அந்த வாசல்ல போய் நிக்கிறது?

ஏற்கெனவே ஒரு ஆர்டர் ஒத்துக்கிட்டிருந்தோம். ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுல ஆடப்போற பொண்ணுங்களுக்கு ஒரே மாதிரி நெக்லஸ். அந்தக் குழந்தைங்களை ஏமாத்த முடியுமா? சம்பந்தியம்மாதான் மெசேஜ் போட்டாங்க. சம்பந்தின்னு ஆரம்பிக்கலை, மொட்டையா. வலது பாதியை அவங்க வீட்டுல முடிச்சுடுவாங்களாம், இடது பாதியை நான் எங்க வீட்டுல முடிக்கணுமாம், அம்பத்தூர் ஸ்டேஷன்ல சந்திச்சு டாலர்ல மாட்டிக்கலாமாம். அவங்க இடமும் இல்லை, என் இடமும் இல்லை, ரெண்டுக்கும் நடுவுல. சுருக்குன்னு தைச்சுது. சரின்னு ஒரு வார்த்தை பதில் போட்டேன்.

மத்தியானம், கூட்டம் இல்லாத நேரம். பிளாட்பார பெஞ்சுல ஆளுக்கு ஒரு ஓரமா உட்கார்ந்தோம், நடுவுல பை. வெயில்பத்தி ரெண்டு வார்த்தை பேசினோம். முதல் நெக்லஸோட ரெண்டு பாதியையும் டாலர்ல மாட்டி, முனையைப் பிடிச்சுத் தூக்கினேன். டாலர் நடுவுல நிக்காம ஒரு பக்கமா ஒதுங்குச்சு. அடுத்ததை மாட்டினேன், அதுவும் கோணல். பையில இருந்த அத்தனையும் கோணல். முடிச்சு எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு. ஆனா என் பாதி எல்லாம் குட்டை, அவங்க பாதி எல்லாம் நீளம்.

என்னுதை வாங்கித் தடவிப் பார்த்தாங்க. "அம்மாடி, முடிச்சுல நகம்கூட எறங்கல. எம்மேல அம்புட்டு கோவமா?"ன்னாங்க.

நான் அவங்களுதை எடுத்தேன். தொளதொளன்னு இருந்துச்சு, முடிச்சுக்குள்ள என் சுண்டுவிரல் போகுது. அவங்க கை அப்படிப்பட்ட கை கிடையாது. ஒழுங்கா சாப்பிடறீங்களா இல்லையான்னு அதட்டினேன். அதட்டத்தான் எனக்கு வரும்.

அவங்க தண்டவாளத்தைப் பார்த்துக்கினு, "கையில தெம்பே இல்ல சம்பந்தி. கயித்தைத் தொட்டா உங்க நெனப்புதான் வருது"ன்னாங்க.

எனக்கிருந்த கோவம் போன இடம் தெரியலை. பையைக் காலி பண்ணித் தலகாணி மாதிரி நடுவுல வெச்சு, அதுல ஒரு டாலரைக் குத்தி நிறுத்தினேன். அவங்க பாதியை நான் ஒரு இழுப்புல பிரிச்சுட்டேன். என் பாதி பிரியவே மாட்டேன்னுச்சு. அவங்க வளையல்ல மாட்டியிருந்த ஊக்கை எடுத்து, ஒவ்வொரு முடிச்சா குத்தி நெம்பினாங்க. மறுபடி ரெண்டு பேரும் ஒண்ணா முதல் முடிச்சு போட்டோம். அவங்க கையைப் பார்த்து நான் கொஞ்சம் தளர்த்தினேன். என் கையைப் பார்த்து அவங்க கொஞ்சம் இறுக்கினாங்க. ஆவடி பக்கம் ஒரு வண்டி, சென்ட்ரல் பக்கம் ஒரு வண்டின்னு போய்க்கிட்டே இருந்துச்சு. தூக்கிப் பார்த்தா டாலர் நடுவுல நின்னுச்சு.

பாதி வேலை முடிஞ்சிருக்கும். தலை நிமிராமலே கேட்டாங்க.

"நாளைக்கு உங்க புள்ளைக்கு வேற எடத்துல பொண்ணு எடுப்பீங்க. எடுக்கணும், அவன் நல்லா இருக்கட்டும். அந்தப் பொண்ணோட அம்மா வந்து உங்க ஊட்ல ஒக்காரும். அப்ப நான் யாரு?"

"அந்தம்மாவை வாங்க போங்கன்னு சொல்லிச் சமாளிச்சுக்கறேன். சம்பந்தின்னா எனக்கு நீங்க ஒருத்தர்தான்"னு சொன்னேன்.

அவங்க முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டாங்க. ஆவடி வண்டி வந்து நின்னுச்சு. வண்டியை ஒரு பார்வை பார்த்துட்டு, எனக்கான கயித்தை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த முடிச்சைப் போட ஆரம்பிச்சாங்க.