என் பங்குக் கறள்

கார் மன்னாரில் இருந்தது. அதன் கறள், அந்தச் செந்துரு, தில்லையடியில் என் குசினியில் இருந்தது. சண்டை முடிந்ததும் நானா ஊர் திரும்பி, தொண்ணூறில் ஊரோடு விரட்டப்பட்டுத் தில்லையடிக்கு வந்தபோது நாங்கள் விட்டுவிட்டு வந்த வாப்பாவின் காரைக் கண்டெடுத்தார். உள்ளே ஓர் ஆடு குடும்பத்தோடு குடியிருந்ததாம். ஆட்டை எழுப்பிவிட்டு, இதை ஓட வைத்தே தீருவேன் என்று இறங்கிவிட்டார். பெரிய வேலையெல்லாம் அவருக்கு. போல்ட், நட், கதவுப் பிணைச்சல் என்று கறள் தின்ற சில்லறைச் சாமான்கள் மட்டும் பிஸ்கட் டின்னில் மன்னார் பஸ்ஸில் எனக்கு வரும். தேய்த்துத் திருப்பி அனுப்புவது என் பங்கு. கார் ஓட்டத் தெரியாத தம்பிக்கு ஏற்ற பங்குதான்.

மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று கட்டாருக்குப் போன மனைவி, பிள்ளை நடக்கத் தொடங்கியும் திரும்பவில்லை. ஆகவே கறிச்சட்டியில் வினாகிரி ஊற்றி போல்ட் ஊறவைப்பதைத் தட்டிக்கேட்க வீட்டில் ஆளில்லை. அலுமாரி நிறையப் புத்தகங்கள் இருந்தன. அவை எதற்கும் வாய் திறக்காதவை. மாலையில் மஃரிபு தொழுதுவிட்டு வந்தால் நானாவின் ஃபோன் கோல் வரும். என்ன தேய்ந்தது, என்ன தேயவில்லை என்று விசாரிப்பார். ஒரு நாளில் என்னோடு ஒருவர் கதைப்பது அப்போதுதான். உண்மையில் அந்தக் கோலுக்காகத்தான் பகல் முழுக்கக் கம்பிப் பிரஷும் கையுமாக இருந்தேன்.

முதல் டின்னை வெள்ளிபோல ஆக்கி, கிணற்றடியில் கழுவி வெயிலில் பரப்பினேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குள் எல்லாம் மறுபடி செம்மண் நிறம்.

"எதால கழுவின?" என்றார் நானா.

"கிணத்துத் தண்ணியால."

"கடல்ல முக்கியிருக்கலாமே, இன்னும் நல்லம். அந்தத் தண்ணி உப்பெண்டு இருபது வருஷமாக் குடிக்கத் தண்ணி வாங்குற ஆள்தானே நீ?"

"குடிக்கத்தான் வாங்குறன் நானா. இரும்புக்கும் நாக்கு இருக்கெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"படிச்ச மாடு!"

சிரித்தார். அன்று கதை வழக்கத்தைவிட நீண்டது. பட்டத்தை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன். அதன் பிறகு போல்ட்டுகள் வாங்கிய தண்ணீரில் குளித்தன. நான் கிணற்றில் குளித்தேன். துடைத்து, எண்ணெய் பூசி, பழைய சாரத்துண்டில் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு மாலை நானா மிகுந்த சந்தோஷத்தில் கோல் எடுத்தார்.

"இனி டின் அனுப்ப மாட்டன்டா. வவுனியாவில சின்னச் சாமான் எல்லாம் புதுசா எடுத்துட்டன். நீ கையைப் புண்ணாக்கிக்கொள்ளாத."

"ஒண்டுமே இல்லையா? சின்னதா ஒரு ஸ்பிரிங்?"

"எல்லாம் வந்துட்டு. வேற என்ன?"

இத்தனை புத்தகம் படித்தவன், வேறு என்ன என்று தேடினேன்.

"அங்க மழையா நானா?"

"இல்ல. அங்க?"

"இங்கயும் இல்ல."

இருவரும் ஃபோனை வைக்கவில்லை. தெருவில் போன ஓட்டோவின் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் அவருடைய ஃபோனில் காசு முடிந்து கோல் தானாக அறுந்தது. திருப்பி எடுக்க என் ஃபோனில் காசு இருந்தது. எதைச் சொல்லி எடுப்பது என்றுதான் தெரியவில்லை.