மகளின் பக்கம் பெட்டி பெட்டியாகத் தெரிந்தது

மனைவி இறந்த பிறகு யாழ்ப்பாணத்து அரியாலை வீட்டில் நானும் ஒரு பழைய கணினியும்தான் மிச்சம். டென்மார்க்கில் இருக்கும் ஒரே மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பாள். மற்ற நாட்களில் ஒரு வார்த்தை கதைக்காமலே படுத்துவிடுவதும் உண்டு. தனிமை பொல்லாதது.

ஒரு ஞாயிறு, தான் புனைபெயரில் தமிழில் ஏதோ எழுதி இணையத்தில் போடுவதாக வாய்தவறிச் சொல்லிவிட்டாள். எனக்கு ஆவல் தாங்கவில்லை. முகவரியைக் கேட்டு நச்சரித்தேன்.

"தாறன் அப்பா. ஆனா உங்கடை கொம்பியூட்டரிலை வெறும் பெட்டிதான் தெரியும். பேசாமல் விடுங்கோ."

சொன்னது சரிதான். திறந்தால் தமிழ் இருக்கவேண்டிய இடமெல்லாம் வரிசை வரிசையாக வெற்றுப் பெட்டிகள்.

குற்றம் என்னுடையது. கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவன் நான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அந்த நாட்களில் ஊர்ச் செய்திப் பக்கங்களும் பாமினியில்தான் வந்தன. ஆகவே எந்தப் பக்கம் வந்தாலும் பாமினியிலேயே காட்டு என்று உலாவிக்குக் கட்டளை போட்டு வைத்திருந்தேன். அதனால் ஆங்கிலப் பக்கங்கள் எல்லாம் வாயில் நுழையாத தமிழாக வரும். அதையும் பெருமையாகச் சகித்துக்கொண்டிருந்தேன். உலகம் யூனிகோடு என்ற புது எழுத்து முறைக்கு மாறியபோது நான் மாறவில்லை. பிடிவாதத்தில் என்னை வெல்ல ஆளில்லை என்று மனைவி சொல்லுவாள்.

அந்தக் கிழமை முழுக்கக் கணினியோடு மல்லுக்கட்டினேன். மகள் எழுதியதை வாசித்தால் அவளோடு கூடக் கொஞ்ச நேரம் இருந்த மாதிரி இருக்கும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மொழி அமைப்புக்குள் போய், தமிழ் போன்ற எழுத்துகளுக்கான கட்டத்தில் சரி போட்டதும், கணினி தன்னோடு வந்த மூல இறுவட்டை, அந்த சீடியை, கேட்டது. வீட்டில் விலை கூடிய எதையும் மனைவி அலுமாரியில் சேலைகளுக்கு அடியில்தான் வைப்பாள். அவள் போனதிலிருந்து நான் அந்தக் கதவைத் திறந்ததில்லை. திறந்தேன். இறுவட்டு அங்கேதான் இருந்தது. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்துதான் அதைப் போட்டேன். பிறகு உலாவியில் பாமினியை எடுத்துவிட்டு லதா என்ற எழுத்துருவை வைத்தேன். இந்த வயதில் ஒருத்தியை அனுப்பிவிட்டு இன்னொருத்தியைக் கூட்டிவந்திருக்கிறேன் என்று தனியே சிரித்தும் கொண்டேன்.

மகளின் பக்கம் பளிச்சென்று வந்தது. எழுத்துகள் ஒன்றும் உடையவில்லை. குழந்தைப்பிள்ளை மாதிரிக் கையைத் தட்டினேன்.

வாசிக்கத் தொடங்கினேன். கணவர் தன்னை விட்டுப் போய் இரண்டாவது பனிக்காலம் என்று எழுதியிருந்தாள். ஒருத்திக்கு மட்டும் சமைக்க மனம் வராமல், பல இரவுகள் கடைப் பாண் துண்டும் தேநீருமாகக் கழிவதாக எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, "அப்பாவால் இதை வாசிக்க முடியாது. அந்தத் துணிவில்தான் இங்கே எழுதுகிறேன். தெரிந்தால் அவர் உடைந்துபோவார்."

நான் ஒவ்வொரு ஞாயிறும் மருமகனைச் சுகம் விசாரிப்பேன். "வேலைக்குப் போயிட்டார் அப்பா" என்பாள். ஞாயிற்றுக்கிழமையிலும் என்ன வேலை என்று ஒருநாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு அழைத்தாள்.

"என்னப்பா, என்ரை பக்கம் தெரிஞ்சுதோ?"

"இல்லைப் பிள்ளை. எல்லாம் செய்து பாத்திட்டன், சரிவரேல்லை. நீ எழுது. எழுதுறதை மட்டும் விட்டிடாதை."

அவள் மூச்சு விட்டது இங்கே வரை கேட்டது. அன்று நான் மருமகனை விசாரிக்கவில்லை.

"சாப்பிட்டியோ பிள்ளை?" என்றேன்.

"ஓம் அப்பா, சோறும் கறியும்" என்றாள்.

அது உண்மையா என்று அறிய, அழைப்பை வைத்ததும் கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.