இரண்டு தொட்டி உளுவை

ஜானட்டுக்கு நாற்பத்தெட்டு வயது. காத்திவாக்கத்தில் வீடு. பதினான்கு வயதிலிருந்து எண்ணூர் கழிமுகத்தில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பரியைப் பல்லில் கவ்வியபடி கழுத்தளவு தண்ணீரில் நான்கு மணி நேரம் குந்தியிருப்பாள். அனல்மின் நிலையக் கழிவால் தண்ணீர் சில நாள் வெதுவெதுப்பாக இருக்கும், சில நாள் சாம்பல் மிதக்கும். கை அரித்தால் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாள். அந்தத் தண்ணீரைக் கண்டு அவள் பயந்ததே இல்லை.

போன ஆடியில் மகிழினி என்ற ஆராய்ச்சி மாணவி அவளைத் தேடி வந்தாள். அவளுக்கு வேண்டியது இறால் அல்ல. சேற்று வளைக்குள் ஒளிந்திருக்கும் விரல் நீள உளுவை மீன். ஜானட் இருபது பிடித்துக் கொடுத்தாள். மகிழினி, தண்ணீர் இன்னும் கெடாத பழவேற்காட்டிலிருந்தும் அதே மீனைக் கொண்டுவந்திருந்தாள். ஜானட் வீட்டு வாசலில் இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளை வைத்து, இரண்டிலும் கழிமுகத் தண்ணீரையே ஊற்றி, ஒன்றில் எண்ணூர் மீனையும் மற்றதில் பழவேற்காட்டு மீனையும் விட்டாள்.

மத்தியானச் சோறு ஆவதற்குள் பழவேற்காட்டு மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. எண்ணூர் மீன்கள் எதுவும் நடக்காததுபோல அடியில் ஊர்ந்துகொண்டிருந்தன.

"நம்ம மீனு கெட்டிம்மா," என்றாள் ஜானட். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மார்கழியில் மகிழினி ஆய்வு முடிவோடு வந்தாள்.

"உடம்பை எப்படிச் செய்யணும்னு ஒவ்வொரு உயிருக்குள்ளயும் எழுதியிருக்குக்கா. குஞ்சுக்கு அதை நகல் எடுக்கும்போது எப்பவாவது ஒரே பக்கம் ரெண்டு தடவை விழுந்துடும், ஜெராக்ஸ் கடையில ஆகுற மாதிரி. உங்க உளுவைக்கு விஷத்தை வெளியே தள்ளுற பக்கம் மூணு, நாலு தடவை இருக்கு. பழவேற்காட்டு மீன்ல பெரும்பாலும் ஒண்ணுதான்."

"விஷத்தைக் குட்ச்சு குட்ச்சு பயகிப்போச்சா?"

"பழகலக்கா. அந்தப் பக்கம் கூடுதலா விழுந்த மீன் ஒண்ணு ரெண்டு முன்னாடியே எதேச்சையா இருந்திருக்கும். தண்ணி கெட்டப்ப அது பொழைச்சுது. மத்ததெல்லாம் செத்துப்போச்சு. இப்ப இருக்கிறது பொழைச்சதோட வம்சம். வருஷத்துக்கு ஒரு தலைமுறை, நாப்பது வருஷம் போதும்."

மத்ததெல்லாம் செத்துப்போச்சு. அந்தச் சொல்லிலேயே ஜானட் நின்றுவிட்டாள்.

மகள் சில்வியா பிறப்பதற்கு முன் ஒரு பிள்ளை ஆறாம் மாதத்தில் கலைந்தது. பின்னால் பிறந்த ஆண் குழந்தை மூன்றாம் நாள் இறந்தது. அந்தப் பிள்ளைகளைச் சுமந்தபோதும் வலி எடுக்கிறவரை அவள் தண்ணீரில்தான் இருந்தாள். இப்போது சில்வியா ஐந்து மாதக் கர்ப்பம். அன்று காலையும் அம்மாவோடு இறங்கியிருந்தாள்.

"எங்களுக்கு அந்தப் பக்கம் எத்தினி தபா கீதும்மா?" என்று கேட்டாள் ஜானட்.

மகிழினி ஆய்வுத் தாளை மடித்து வைத்தாள். "மனுஷங்க விஷயம் வேறக்கா. ஒண்ணு ரெண்டு தலைமுறையில அப்படி மாறாது. நான் மீனை மட்டும்தான் பார்த்தேன். ஆனா மாசமா இருக்கிறவங்க அந்தத் தண்ணியில இறங்க வேணாம். அதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டியதில்ல."

மறுநாள் விடிந்ததும் சில்வியா பரியை எடுத்தாள். ஜானட் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தண்ணில எறங்காதே."

"இன்னாம்மா ஆச்சு உனக்கு? நீயும் இதே தண்ணில நின்னுகினுதானே என்னைப் பெத்தே?"

"மூணுல நீ ஒருத்திதான் எனக்குத் தங்குனே," என்றாள் ஜானட்.

சில்வியா வீட்டுக்குள் திரும்பிப் போனாள்.

ராயபுரத்தில் ஸ்கேன் எடுத்த அன்று ஜானட் திரையைப் பார்க்கவில்லை. மருத்துவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஒரு இடத்தில் கருவியை நிறுத்தி இரண்டாம் முறை பார்த்தபோது அவள் சில்வியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை திரும்பிப் படுத்திருக்கிறது, வேறொன்றுமில்லை என்றார் அவர். ஜானட் அதையே மூன்று முறை கேட்டாள். ஸ்கேனில் தெரிகிறவரை எல்லாம் சரி என்றார். அந்தத் 'தெரிகிறவரை' அவள் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

சில்வியாவின் புருஷன் ஜெரி, டிரெய்லர் லாரி ஓட்டுகிறவன். அவனை ஜானட் நச்சரித்து, மாதவரத்தில் ஒற்றை அறை பார்க்கவைத்து, மகளை அங்கே அனுப்பினாள். சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எழுநூறு. நன்றாக அழுதது. முதல் மூன்று நாளும் ஜானட் கண்ணை மூடவில்லை. நான்காம் நாள் காலையில் ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்தபடி தூங்கிப்போனாள்.

ஜானட் இன்னும் கழிமுகத்தில்தான் இறால் பிடிக்கிறாள். வேறு தொழில் தெரியாது. ஆனால் வயிற்றுப் பிள்ளையோடு யார் கரைக்கு வந்தாலும் வழிமறித்துத் திருப்பி அனுப்புகிறாள். சிலர் திட்டுகிறார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதவரம் போகிறாள். வாசல் குழாயடியில் முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகுதான் பேத்தியைத் தொடுவாள்.

"போதும்மா, தோலு உரிஞ்சிடும். கொயந்த நல்லாத்தானே கீது?" என்கிறாள் சில்வியா.

"கீது," என்கிறாள் ஜானட். மறுபடி சோப்பை எடுக்கிறாள்.