இடிபட்ட வண்டிக்கு அத்தா சொன்ன விலை

காருக்குப் பூசும் பட்டியும் பெயிண்டில் ஊற்றும் தின்னரும் கலந்து மூக்கைத் துளைக்கும் அந்த வாடை இன்றைக்கும் எங்காவது வீசினால், எனக்கு முதலில் ஒளிந்துகொள்ள இடம் தேடத்தான் தோன்றும். அப்புறம்தான் அத்தாவின், என் அப்பாவின், நினைவே வரும். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் அவர் கார்களின் நசுங்கலை எடுக்கும் "டிங்கரிங்" கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. பள்ளிக்கூடம் இல்லாத நேரமெல்லாம் கழற்றிப் போட்ட கார் சீட்டில்தான் நான் உட்கார்ந்திருப்பேன்.

வண்டி வந்து நின்றதும் அத்தா விலை சொல்லிவிட மாட்டார். நசுங்கிய இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார், பிறகு "எதுல இட்ச்ச?" என்று கேட்பார். சுவர் என்றால் ஒரு விலை, மாடு என்றால் ஒரு விலை. மனைவிக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போய் வாங்கிய அடி என்றால் பாவம் பார்த்துக் கொஞ்சம் குறைப்பார். வேண்டாத வேலை வந்தால் அந்தத் தொழிலில் யாரும் முடியாது என்று சொல்வதில்லை, கேட்டவர் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடும்படி ஒரு விலையைச் சொல்வார்கள். "மாட்டேன்னு சொன்னா சண்ட வரும். ரேட்ட ஏத்திச் சொன்னா அவனே பூடுவான்" என்பார் அத்தா.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, ஒரு விடுமுறைக் காலையில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவரை ஊருக்கே தெரியும். மனை வாங்கி விற்பவர், அவர் தெருவில் வந்தால் வயதானவர்களே எழுந்து நிற்பார்கள். பானெட்டின் முன்பக்கம் குழிந்திருந்தது. அத்தா கையை வைப்பதற்கு முன்பே, கேள்வியைக் கேட்பதற்கும் முன்பே, "மாடு பாய், குறுக்க வந்துட்ச்சி" என்றார் அவர். தடவிக்கொண்டே போன அத்தாவின் கை பானெட்டின் ஓரத்தில் நின்றுவிட்டது. அந்த இடுக்கில் காய்ந்த மீன் செதில்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அத்தா என்னை ஒருதரம் பார்த்தார், பிறகு வழக்கத்தைவிட நாலு மடங்கு விலை சொன்னார்.

ஓடிப்போக வேண்டிய மனிதரோ, "சரி, செஞ்சிடு. வெள்ளிக்கெழம வண்டி வோணும்" என்று சாவியை என் பக்கத்தில் சீட்டின் மேல் எறிந்துவிட்டுப் போனார். பேரமே பேசாத அந்தச் "சரி"யைப் போல ஒரு பயங்கரமான சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை.

அன்றைக்கு எங்கள் தெருவுக்குக் கூடையோடு வரும் மீன்கார கன்னியம்மாள் வரவில்லை. விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டதாம், செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாராம் என்று மத்தியானத்துக்குள் சேதி வந்தது. "இது பாப்பாவுக்கு" என்று எனக்காக எப்போதும் ஒரு சங்கரா மீனைக் கூடுதலாகப் போடுகிறவர் அவர்.

"போலீஸுக்குச் சொல்லிடுங்க" என்றாள் அம்மா.

"சொல்லிட்டு எங்க போய்ப் பொழைக்கிறது? கொயந்த ஸ்கூலுக்குத் தனியா போய்கினு கீது" என்றார் அத்தா. அவர்களுடைய பயத்துக்குள் நானும் இருக்கிறேன் என்று தெரிந்ததும் பள்ளிக்கூடப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி ஒளித்துவைத்தேன்.

அத்தா அந்தக் குழியைத் தொடவில்லை. ஆனால் கார்க்காரருடைய ஆட்கள் அடிக்கடி பைக்கில் வந்து சாலையோரம் நின்றார்கள். அதனால் காரைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, பின்பக்கம் கிடந்த ஒரு பழைய கதவை நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தார், வேலை நடப்பதாக அவர்களுக்குக் கேட்க வேண்டுமே. அந்தப் பொய்ச் சத்தத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பைக் வந்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வேன்; தார்ப்பாய் காற்றில் அசைந்தால் அதற்குள்ளிருந்து கன்னியம்மாள் எழுந்து வருவதாகத் தோன்றும்.

வியாழக்கிழமை அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனாள். வெகுநேரம் கழித்தும் அவள் திரும்பாதபோது, கார்க்காரர் தனியாக வந்து தார்ப்பாயை இழுத்தார். குழி அப்படியே இருந்தது.

"இன்னா பாய், டப்பு பத்தலயா? எவ்ளோ வோணும், சொல்லு."

அத்தா சுத்தியலைக் கீழே வைத்தார். "இதுக்கு நான் ரேட்டு சொல்ல முடியாது சார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரில ஒரு அம்மா படுத்துகினு கீது. அதாண்ட கேட்டுகினு வாங்க."

அறை விழுந்தது. அத்தா திருப்பி அடிக்கவில்லை. சாவியை மடியில் செருகிக்கொண்டு காருக்கு முன்னால் போய் நின்றார். அத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஸ்டேஷனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்ட அம்மா, கன்னியம்மாளின் மகனோடும் போலீஸோடும் வந்து இறங்கும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

கன்னியம்மாள் பிழைத்துக்கொண்டார், ஆனால் மறுபடியும் கூடை தூக்கவில்லை. கார்க்காரருக்குப் பயந்து எங்கள் கடைக்கு யாரும் வண்டி கொண்டுவரவில்லை. அத்தா மறைமலைநகருக்கு இடம் மாறினார். அங்கேயும் வாசலில் பைக் நின்றால் நான் வெகுநாள் வரை ஒளிந்துகொண்டேன்.

பழைய கடை இருந்த இடத்தில் இப்போது ஜூஸ் கடை. நானும் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் விலை போடும் வேலையில்தான் இருக்கிறேன். அடிபட்ட இடத்தைப் படமெடுத்து ஏற்றினால் கம்ப்யூட்டரே விலையைச் சொல்லிவிடுகிறது. எதில் இடித்தது என்று அது நின்று கேட்பதில்லை, தடவிப் பார்க்க அதற்குக் கையும் இல்லை.

போன வாரம் ஒருவர் காரிலிருந்து இறங்கும்போதே, நான் வாய் திறப்பதற்கு முன்பே, "நாய் மேடம், குறுக்க வந்துட்ச்சி" என்றார். திரையில் விலை வந்துவிட்டது, அவரும் பார்த்துவிட்டு உடனே "சரி" என்றார். என் கை தானாகப் பானெட்டின் ஓரத்துக்குப் போனது. நான் கேட்டேன்: "எதுல சார் இடிச்சீங்க?"