பெண்ணழைப்புக்கு ஒரு கூரை

கூரை விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி செய்யும் சின்னக் கம்பெனி ஒன்று வைத்திருக்கிறேன். அட்டைக்கும் தண்ணீருக்கும் ஜென்மப் பகை. ஐப்பசி பிறந்தால் எங்கள் ஷெட்டில் எந்த மூலை ஒழுகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வீட்டுக்காரர் இருந்தவரை அவர்தான் ஏணி போட்டு ஏறி அடைப்பார். அவர் மாரடைப்பில் போன பிறகு நானே புடவையைச் செருகிக்கொண்டு ஏறினேன். இப்படிப்பட்டவள் கூரையைத் திறந்துவிட்டு ஓட்டுகிற காரைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறாள் என்றதும் கம்பெனியில் எல்லோருக்கும் சிரிப்பு. சிரிக்கட்டும்.

ஸ்போர்ட்ஸ் கார் ஆசை எனக்குப் பழைய ஆசை. லோடு வேனை ஓட்டி ஓட்டியே வந்த ஆசை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், இனி எனக்கு எதற்கு ஐந்து சீட் என்று தோன்றியது. அவள் புருஷனோடு போய்விடுவாள். ரெண்டு சீட் எனக்குத் தாராளம்.

அதோடு இன்னொரு ஆசையும் இருந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பெண்ணழைப்பு. மணப்பெண்ணைப் பூ ஜோடித்த வண்டியில் உட்கார வைத்து, முன்னால் பேண்டு வாசிக்க, பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாகக் கூட்டிப் போவார்கள். அந்த வண்டியை நான் ஓட்ட வேண்டும். அவள் அப்பா இருந்திருந்தால் அவர் ஓட்டியிருப்பார். அவர் இல்லை, நான் இருக்கிறேன். இதில் யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காலாப்பட்டுக்குப் போகிற வழியில் பழைய கார் விற்கும் ஒருவர் இருக்கிறார். நான் போன நேரம் அவரிடம் ரெண்டு சீட் வண்டி மூன்று நின்றன. ஒன்றுக்குக் கூரை இரும்பு, அசையாது. ஒன்றுக்குத் தலைக்கு மேல் இருக்கும் பலகையை மட்டும் கழற்றி டிக்கியில் வைக்கலாம். மூன்றாவதற்குத் துணிக் கூரை, பட்டனை அழுத்தினால் மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும்.

நான் போவதற்கு முன்பே என் நாத்தனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி. அவர் கணவர் பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தவர், எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். பாதி ஆயுசை பிரான்சில் கழித்துவிட்டு, பென்ஷனோடு திரும்பி வந்து இங்கே வீடு கட்டியவர்கள்.

"துணிக் கூரைதான் வாங்கணும். அங்கல்லாம் எழுவது வயசு கெழவி கூட கூரையத் தொறந்துட்டு ஜம்முனு போவா. பொண்ணழைப்புக்கு வேற பிரமாதமா இருக்கும், பாரேன்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அண்ணியே சொல்லிவிட்டார் என்று நினைத்தேன்.

ஆனாலும் துணியை நம்ப எனக்கு மனசு வரவில்லை. முதலில் இரும்புக் கூரை வண்டியில்தான் ஏறினேன். கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் அடங்கியது. ஏசி சில்லென்று வந்தது. வளைவில் வண்டி அசையாமல் திரும்பியது. கூரை உடம்போடு சேர்ந்து இருந்தால் வண்டிக்கே ஒரு கெட்டித்தனம் வரும் என்று விற்பவர் சொன்னார், உண்மைதான். எந்த மழைக்கும் ஒரு சொட்டு உள்ளே வராது. எனக்கு அப்போதே வாங்கிவிடலாம் போலிருந்தது.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த மகள் சுற்றிலும் பார்த்தாள். "ஏடிஎம் ரூம்ல ஒக்காந்த மாதிரி இருக்கும்மா."

"போடி. வெயில்ல வெந்தா தெரியும்."

"அதில்லம்மா, பொண்ணழைப்புக்கு எப்படி?" என்றவள், பின் சீட் இல்லாத அந்த வண்டியில் என் கைப்பையைத் தூக்கித் தலைமேல் வைத்துக் காட்டினாள். பூ வைத்துத் தைத்த ஜடையும் நெற்றிச்சுட்டியும் கொண்டையும் சேர்ந்தால் அவ்வளவு உயரம் வரும். கைப்பை கூரையில் முட்டி நசுங்கியது. மகளுக்குக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கல்யாணப் பெண்ணைக் கழுத்து சுளுக்கிக்கொண்டவள் மாதிரி ஊர்வலம் கூட்டிப்போக முடியுமா? இறங்கிவிட்டோம்.

அடுத்தது பலகை கழற்றுகிற வண்டி. விற்பவர் அதை வாய் ஓயாமல் புகழ்ந்தார். வேண்டும்போது மூடிய கார், வேண்டும்போது திறந்த கார், பின்னால் கண்ணாடி அப்படியே நிற்பதால் முடி கலையாது என்றார். அவரும் நானுமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். கனம் அதிகமில்லை, ஆனால் அகலம். டிக்கியில் படுக்க வைத்ததும் டிக்கி முழுக்க அதுவே அடைத்துக்கொண்டது. அப்புறம் அதில் ஒரு தேங்காய்ப் பை வைக்கவும் இடம் இல்லை.

நானும் மகளும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதை ஓட்டிக்கொண்டு போனோம். காற்று அளவாக வந்தது. எனக்குப் பிடித்தும் இருந்தது. பாதி வழியில், வானத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி மேகம்கூட இல்லாதபோது, சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. ஓரம் கட்டினேன். இருவரும் இறங்கி, டிக்கியைத் திறந்து, பலகையை எடுத்து, முன்பக்கக் கொக்கி எது பின்பக்கக் கொக்கி எது என்று தெரியாமல் திருப்பித் திருப்பி வைத்தோம். பஸ் ஸ்டாப்பில் காலிக் கூடைகளோடு நின்றிருந்த மீன்காரம்மாக்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாமா, மூடி கழண்டுகிச்சா?" என்று ஒரு அம்மா கேட்டார். "அப்டியே கவுத்து வைம்மா, ஒக்காந்துக்கும்!"

ஒருவழியாக அது உட்கார்ந்தபோது மழை நின்றிருந்தது. நாங்கள் இருவரும் தொப்பலாக நனைந்திருந்தோம், சீட்டும்தான். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. மழை வந்தால் ரெண்டு ஆள் இறங்கி மூட வேண்டிய கூரையை, தனியாக இருக்கப் போகிறவள் எதற்கு வாங்க வேண்டும்? விற்பவரிடம் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்லியே விட்டேன்: "சார், இது ரெண்டுங்கெட்டான் வண்டி. ஆள் பலம் இருக்கறவங்களுக்கு விடுங்க."

கடைசியாகத் துணிக் கூரை. அதன்மேல் எனக்கிருந்த சந்தேகம் கொஞ்சநஞ்சமில்லை. உப்புக் காற்று கீலைத் தின்னும். காக்கா அசிங்கம் பண்ணும். எங்கள் தெருப் பூனைகள் மெத்தை கிடைத்தது என்று நகத்தைத் தீட்டும். துணியை விரலால் அழுத்திப் பார்த்தேன். நான் நினைத்த மாதிரி குடைத்துணி இல்லை, மூன்று அடுக்காகத் தடித்து இருந்தது. அதையும் வாய்ச்சொல்லாக நம்பவில்லை. வண்டியைத் தண்ணீர் அடித்துக் கழுவுகிற இடத்துக்குக் கொண்டுபோய், நாங்கள் உள்ளே உட்கார்ந்துகொண்டு, குழாயைத் திறந்து நேரே கூரைமேல் அடிக்கச் சொன்னேன். விற்பவருக்கு முகம் செத்துப்போயிற்று. மகளின் பக்கம் கண்ணாடி ஓரத்தில் மட்டும் சொட்டு வந்தது. ரப்பரை மாற்றிக் கொடுத்தால் பேசலாம் என்றேன். மாற்றிக் கொடுத்தார். மறுபடி தண்ணீர் அடித்தோம், சொட்டவில்லை.

அப்புறம் கூரையைத் திறந்து ஊருக்குள் ஓட்டினேன். பெரிய மார்க்கெட் பக்கம் போனபோது மல்லி வாசமும் கருவாட்டு வாசமும் ஒன்றாக மூக்கில் ஏறின. சிக்னலில் நின்றால் ஊரே பேசுகிறது. "அக்கா, மைலேஜ் எவ்ளோ தருது?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். "வெயில் அடிக்கலியா?" என்று பூ விற்கிற அம்மா கேட்டார். வெயில் அடிக்கத்தான் செய்தது. உச்சி வேளையில் இதைத் திறந்து ஓட்டினால் மண்டை வெடித்துவிடும், பொய் சொல்ல மாட்டேன். காலையிலும் சாயங்காலமும் திறக்கலாம், மற்ற நேரம் மூடிக்கொள்ளலாம். சீட்டை விட்டு எழுந்திருக்காமல், ஒரு விரலால், தனி ஆளாக. அதுதான் எனக்கு வேண்டியது. மகளும் அன்றைக்குத் தலையை நிமிர்த்தி நேராக உட்கார்ந்திருந்தாள். துணிக் கூரையை வாங்கினேன்.

வண்டி வந்த அன்றைக்கு அண்ணிதான் எலுமிச்சம்பழம் வைத்தார். தெருவில் எல்லோரிடமும், "நான் சொல்லித்தான் வாங்கினா" என்று பெருமை அடித்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல் பேச்சை ஆரம்பித்தார்.

"பொண்ணழைப்புக்கு வண்டிய யாரு ஓட்டறது?"

"நான்தான் அண்ணி."

"நீயா?" என்றார். பிறகு குரலை இறக்கி, "நல்ல காரியம்மா. ஊர்வலத்துக்கு முன்னால நீ ஒக்காந்து வந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. சம்பந்தி வீட்ல இன்னா நெனப்பாங்க? நம்ம பசங்கள்ல யாரையாவது ஓட்டச் சொல்லு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "ரெண்டு சீட்டு வண்டி அண்ணி. கல்யாணப் பொண்ணு பக்கத்துல எந்த ஆம்பளைய ஒக்கார வைக்கச் சொல்றீங்க?"

அண்ணி இதை யோசித்திருக்கவில்லை. திறந்த வண்டி, பூ, போட்டோ என்று எல்லாம் யோசித்தவருக்கு, அதில் பெண்ணோடு ஒரே ஓர் ஆள்தான் உட்கார முடியும் என்பது அப்போதுதான் உறைத்தது.

"சரி, நீயே ஓட்டு. ஆனா கூரைய மூடிடு. கண்ணாடியும் ஏத்திடு. உன்ன யாரும் பாக்க மாட்டாங்க."

"கெழவி கூட தொறந்துட்டு ஓட்டுவான்னு சொன்னது யாரு?"

"அது அங்க!" என்றார். "இது இங்க."

நான் கத்திவிட்டேன். கம்பெனி நடத்தும்போது என்னைப் பார்க்கலாம், வேன் ஓட்டும்போது பார்க்கலாம், கடன்காரன் வாசலில் நிற்கும்போது நான்தான் போய்ப் பார்க்க வேண்டும், என் மகள் கல்யாணத்தில் மட்டும் என்னை மூடி வைக்க வேண்டுமா என்று கேட்டேன். கூரை திறந்துதான் போகும், நான்தான் ஓட்டுவேன் என்றேன். அழுகையை மட்டும் அவர் முன்னால் காட்டவில்லை.

அண்ணி எழுந்துவிட்டார். "அப்ப ஆரத்திக்கு வேற ஆளப் பாத்துக்க."

அது என்னைக் குத்தியது. எங்கள் வீட்டு வழக்கத்தில் பெண்ணுக்கு அத்தை ஆரத்தி எடுத்த பிறகுதான் வண்டி கோயிலை விட்டு நகரும். மகளுக்கு அப்பா வழியில் இருப்பது இந்த ஒரே அத்தை. அவர் தம்பிமேல் உயிராக இருந்தவர். அவர் வராமல் அந்த வண்டியை எடுப்பது எனக்கும் கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் கூரையை மூடுகிறேன் என்று போன் பண்ணவில்லை. மகளும் பண்ணச் சொல்லவில்லை.

பெண்ணழைப்பு அன்றைக்குச் சாயங்காலம் வெயில் தணிந்ததும் பிள்ளையார் கோயில் முன்னால் வண்டியை நிறுத்தினேன். கூரை மடங்கிக் கிடந்தது. முன் கண்ணாடி ஓரமும் கதவுகளும் முழுக்க சம்பங்கி. மகள் ஜடையும் சுட்டியுமாக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பேண்டுக்காரர்கள் தயாராக நின்றார்கள். அண்ணியைக் காணவில்லை.

சொந்தக்காரப் பெண் ஒருத்தி வேறொரு ஆரத்தித் தட்டோடு வந்தாள். "நான் சுத்தட்டுமாக்கா? நேரம் ஆவுது."

"இருக்கட்டும்" என்றேன். "அவங்க வரட்டும்."

வருவார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்ததா? தெரியாது. அப்படிக் காட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். பேண்டுக்காரர் ரெண்டு தரம் திரும்பிப் பார்த்தார். நான் நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவில்தான் வந்தார். பட்டுப்புடவை கட்டியிருந்தார், முகத்தில் சிரிப்பு இல்லை. ஆரத்தியை வீட்டிலேயே கரைத்து, தட்டை மடியில் வைத்துச் சிந்தாமல் கொண்டுவந்திருந்தார். என்னைப் பார்க்காமல் மகள் பக்கம் போய் நின்றார். அந்த வண்டி சீட் தரையோடு தரையாக இருக்கும். அண்ணி நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. கற்பூரத்தைக் கொளுத்தி, மகள் தலையை மட்டும் சுற்றத் தட்டைத் தூக்கினார்.

மகள் சாய்ந்து தலையை என் தோளில் வைத்துக்கொண்டாள்.

"நேரா ஒக்காருடி, ஜடை நசுங்குது" என்றார் அண்ணி.

"நசுங்கட்டும் அத்தை. சுத்துங்க."

அண்ணி தட்டைப் பிடித்தபடி நின்றார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் போன பிறகு எந்த நல்ல காரியத்திலும் எனக்கு யாரும் ஆரத்தி எடுத்ததில்லை.

தட்டு என் தலைக்குப் பின்னால் போய், மகள் தலையைத் தாண்டி, திரும்பி வந்தது. மறுபடியும் போய் வந்தது. அண்ணி குனிந்து ஆரத்தித் தண்ணீரை விரலால் தொட்டு மகள் நெற்றியில் வைத்தார். பிறகு கையை நீட்டி என் நெற்றியிலும் வைத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆரத்தியைக் கொட்டிவிட்டு வந்தவர், என் பக்கக் கதவில் தட்டினார்.

"அழுதுகிட்டே ஓட்டாத" என்றார். "முன்னால பேண்டுக்காரங்க நிக்கறாங்க."