மஞ்சிட்டிச் சிவப்பும் டீ மாஸ்டரும்

1. செங்கல் கலர்

"மாஸ்டர், நான் கேட்டது சிவப்பு. நீங்க குடுத்திருக்கறது செங்கல்."

செண்பகனூரில் எங்கள் சாயப் பட்டறையின் முதலாளியம்மா நூலை என் முன்னால் போட்டுச் சொன்னது இது. நாங்கள் மேடம் என்போம். எங்கள் மலைக்குச் செல்போன் வந்த புதிது அது. செடி, பட்டை, வேர் இவற்றிலிருந்து மட்டுமே சாயம் எடுத்து, கம்பளி நூலுக்கு ஏற்றி, சால்வை நெய்து விற்றோம். வாட்டில் மரப் பட்டையில் பழுப்பு, துலுக்கச் செவ்வந்தியில் மஞ்சள், கடுக்காயோடு இரும்புத் துரு ஊறின தண்ணி சேர்த்தால் கறுப்பு. எல்லாம் என் கைப்பக்குவம். பட்டறையில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாஸ்டர்தான். அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே காலையில் வெள்ளனே வேலைக்குப் போவேன்.

சிவப்பு மட்டும் எனக்கு வசப்படவில்லை. அது மஞ்சிட்டி என்ற கொடியின் வேரிலிருந்து வர வேண்டும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் செங்கல் நிறமே வந்தது. சென்னைக் கடைக்காரர் ஒருவர் சிவப்புச் சால்வைக்கு மாதிரி கேட்டிருந்தார். அந்த வாரம் அனுப்பாவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும்.

"வேரு பழசு மேடம். புதுசு கொண்டாரேன்" என்று பழியை வேர் மேல் போட்டுவிட்டு, அந்தக் கொடி கிடைக்கும் கூக்கால் கிராமத்துக்கு பஸ் ஏறினேன்.

2. டம்ளரில் வந்தது

கூக்காலில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டேன். மறுநாள் மூட்டையோடு வந்து இறங்கினால், பட்டறைத் துணிக்கொடியில் ஒரு சிட்டம் நூல் காய்கிறது. நல்ல சிவப்பு. எனக்குப் பகீர் என்றது.

போட்டவள் சரோஜா. நூல் அலசுவதற்காக அந்த வாரம்தான் சேர்ந்திருந்தாள். சின்ன வயதில் பெற்றோரோடு சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். நடந்ததை மேடமே சிரித்துச் சிரித்துச் சொன்னார். நான் வருவதற்குள் வேலை நடக்கட்டும் என்று வீட்டிலிருந்து பட்டறைக்கு போன் போட்டு, எடுத்த சரோஜாவிடம் "மிச்சம் இருக்கற வேர்ல சாயத் தண்ணி போட்டு வை" என்றிருக்கிறார். சரோஜா வீட்டில் சாயத் தண்ணி என்றால் பால் ஊற்றாத டீ. மேடத்துக்கு அப்போது சளி. ஏதோ கை வைத்தியம் என்று நினைத்து, மேடம் பட்டறைக்கு வந்ததும் போட்டதை டம்ளரில் ஊற்றி நீட்டியிருக்கிறாள்!

"வாய்கிட்ட கொண்டு போறப்பதான் கலரைப் பார்த்தேன் மாஸ்டர். படிகாரத்துல ஊறின நூலை எடுத்து அப்படியே பானைக்குள்ள போட்டுட்டேன்."

நான் சரோஜாவிடம் திரும்பினேன். "வேரை என்ன செஞ்ச?"

"குடிக்கிற சாமான்தானேன்னு நல்லா அலசுனேன். இடிச்சு, சுடுதண்ணி ஊத்தி, கங்கு ஓரத்துல மூடி வச்சேன். வேற ஒண்ணும் இல்லண்ணே."

"கொதிக்க விடலையா?"

"தேத்தண்ணியப் போட்டு யாராச்சும் கொதிக்க விடுவாங்களா? சாயம் கருத்துப் போயிருமே."

எங்கள் ஊர் பூம்பாறையில் தூள் கொதித்துத் தளதளவென்று பொங்கினால்தான் அது டீ. மஞ்சிட்டியையும் நான் அப்படித்தான் வதைத்திருக்கிறேன். அதுவும், பழசு என்று நான் ஒதுக்கிய அதே வேர். என் தோளில் புது வேர் மூட்டை இன்னும் இறங்கவில்லை.

"சாயம் நிக்குதான்னு பாக்கணும்ல" என்று நூலை உருவிக்கொண்டு போய், குழாயடியில் சவுக்காரம் போட்டுக் கசக்கினேன். கம்பளியை அப்படிக் கசக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒழுகு, ஒழுகு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். தண்ணீர் தெளிவாகவே ஓடியது.

தறிக்காரர் பாண்டி எட்டிப் பார்த்துக் கத்தினார்: "ஏலே, நூலு சாயம் போகல. மாஸ்டர் மூஞ்சிதான் வெளுத்துப் போச்சு!"

3. இரண்டு மாஸ்டர்

சென்னைக்காரருக்கு மாதிரி பிடித்துவிட்டது. மேடம் பெரிய அண்டாவைச் சரோஜாவிடம் ஒப்படைத்தார். எனக்கு வயிறெரிந்தது, மறைப்பானேன்? "இனிமே எல்லாத்தையும் டீ மாஸ்டரையே கேளுங்க" என்று குத்தலாகச் சொன்னேன். கேலிக்கு வைத்த பேரில் சீக்கிரமே டீ கழன்று விழுந்து, மாஸ்டர் மட்டும் நின்றது. யாராவது மாஸ்டர் என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பினோம். கூப்பிட்டது பெரும்பாலும் அவளைத்தான்.

ஆர்டருக்கு அண்டா ஏற்றும் அன்று சரோஜா என்னிடம் வந்தாள். "அண்ணே, இவ்வளவு நூலுல சாயம் பிடிக்க எவ்வளவு படிகாரம்னு எனக்கு வெளங்கல."

மாஸ்டருக்குத் தெரியாததா என்று நுனி நாக்கு வரை வந்தது. ஆனாலும் அளவைச் சொன்னேன். ஆளைக் கெடுக்க மனசு வந்தாலும் நூலைக் கெடுக்க எனக்கு வராது. சொல்லிவிட்டு நகரவும் இல்லை. எங்கே கோட்டை விடுவாள் என்று பக்கத்திலேயே நின்று கண்கொட்டாமல் பார்த்தேன். அண்டாவின் ஓரத்தில் முதல் குமிழி கிளம்பியது. அவள் நூலைப் புரட்டிக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. என் கை என்னைக் கேட்காமலே குனிந்து, அடுப்பிலிருந்து கொள்ளியை வெளியே இழுத்துப் போட்டது.

"நல்ல வேளை, மாஸ்டர்!" என்றாள் சரோஜா.

அவள் வாயால் அதைக் கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. அண்டா முழுக்கச் சிவப்பு வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பொறாமை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். கிட்டப் போய் நின்று பாருங்கள், தொழில் படியும். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். மஞ்சிட்டிச் சிவப்பு எப்படி என்று கேட்டு இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். வேரை அலசு, குமிழி விடாதே என்று சொல்கிறேன். உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டால் சரோஜா பேரைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்னும் கொதிக்கத்தான் செய்கிறது. அண்டாவைத்தான் கொதிக்க விடுவதில்லை.